பக்கத்துப் பக்கத்து இலை

எங்கள் ஹோம்ஸ்டேக்கு வருகிறவர்கள் வந்ததும் கேட்பது வைஃபை உண்டா, அட்டைப்பூச்சி உண்டா என்பதுதான். போன வருடம் வைகாசியில் வந்த இரண்டு பெண்கள் மட்டும், பையைக்கூடக் கீழே வைக்காமல், "பந்தியில உக்காந்து சாப்பிடணும், பக்கத்துப் பக்கத்து இலையில. அதுக்கு வழி உண்டா?" என்று கேட்டார்கள்.

இருவரும் தென்னாப்பிரிக்காக்காரர்கள், எழுபதைத் தாண்டியவர்கள். ஒருவர் வெள்ளைக்காரம்மா, கொஞ்சம் வெயில் பட்டால் போதும், முகம் தக்காளியாகிவிடும். இன்னொருவர் அசல் தமிழ் முகம், வீட்டில் பேசிய தமிழும் நாக்கில் இருந்தது. அவருடைய கொள்ளுத்தாத்தா சேலத்துப் பக்கத்திலிருந்து கரும்புத் தோட்டத்து வேலைக்குக் கப்பலேறியவர். 'மலை மேல எங்க ஊரு' என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்ச் சேர்ந்திருக்கிறார். எந்த மலை, எந்த ஊர், ஒன்றும் தெரியாது. நான் அக்கா என்று கூப்பிட்ட அவர் வரைபடத்தைப் பார்த்து, எங்கள் சேர்வராயன் மலை முழுவதையும் தன்னுடையதாக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

இவர்கள் இளவயதில் அந்த நாட்டில் வெள்ளைக்காரர் தனி, கறுப்பர் தனி, இந்தியர் தனி என்று சட்டம். இருவரும் ஒரே ஓட்டலில் உட்கார்ந்து ஒரு டீ குடிக்க முடியாது. அந்தச் சட்டம் ஒழிந்த பிறகு அங்கே அவர்கள் சேர்ந்து உட்காராத ஓட்டல் இல்லை. ஆனாலும் கொள்ளுத்தாத்தா விட்டுப்போன மண்ணில் ஒரு வேளை சேர்ந்து சாப்பிட வேண்டும் என்று அக்காவுக்கு ஆசை. அதற்காக இருவரும் முட்டிவலியையும் மாத்திரை டப்பாவையும் கட்டிக்கொண்டு கடல் தாண்டி வந்திருந்தார்கள்.

"இவ்வளவுதானுங்களா! எங்க ஊர்ப் பண்டிகை வருது. நான் பொறுப்பு" என்றேன். என் வாய் என்னைக் கேட்டுக்கொண்டு பேசுவதில்லை.

மறுநாள் மஞ்சக்குட்டை போகிற ஷேர் ஜீப்பில் ஏற்றிவிட்டேன். டிரைவர் ஓடி வந்து வெள்ளைக்காரம்மாவை முன் சீட்டில் உட்கார வைத்தான். அக்காவைப் பின்னால் பலாப்பழ மூட்டைக்கும் ஒரு கோழிக்கும் நடுவில் திணித்தான். போதாதென்று, "ஏனுங்க, நீங்க மேடத்துக்குச் சமையலுங்களா?" என்று ஒரு கேள்வி. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. அக்கா அசரவில்லை.

"இல்ல தம்பி. இவ சமைக்கறதத் தின்னுட்டும் நான் உசுரோட இருக்கேன், அதான் என் வேலை."

வெள்ளைக்காரம்மா என்ன ஏது என்று விசாரித்தார். விசாரித்ததும் முன் சீட்டிலிருந்து இறங்கி, பின்னால் ஏறி, பலாப்பழத்தின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். இருவருக்கும் ஓர் ஒப்பந்தம் உண்டாம்: ஒருத்திக்கு இல்லாத இடம் இன்னொருத்திக்கும் வேண்டாம். டிரைவருக்குத்தான் மனசு கேட்கவில்லை. "முன் சீட்டுல என்னங்க குறை? இப்பத்தான் புது உறை போட்டேன்" என்று கரடியூர் வரைக்கும் புலம்பியிருக்கிறான்.

சாயங்காலம் காப்பி குடிக்கும்போது அக்கா ஒரு கதை சொன்னார். அந்தக் காலத்தில் அவர்கள் ஊர்க் கடற்கரையில் நல்ல பெஞ்செல்லாம் வெள்ளைக்காரருக்கு மட்டும். வெள்ளைக் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் ஆயா உட்கார்ந்தால் மட்டும் போலீஸ் கண்டுகொள்ளாது. இவர்களிடம் குழந்தை ஏது? ஒரு தள்ளுவண்டியில் பெரிய பொம்மையைப் படுக்க வைத்து, தொப்பி போட்டு, கழுத்துவரை போர்த்தி, அக்காவுக்கு வெள்ளை ஏப்ரன் கட்டி, இரண்டு பேரும் ஜம்மென்று பெஞ்சில் உட்கார்ந்து கடலைப் பார்த்துக் கதையடிப்பார்களாம். ஒருநாள் ஒரு போலீஸ்காரன் வண்டிக்குள் எட்டிப் பார்த்திருக்கிறான். படுக்க வைத்தால் கண் மூடுகிற பொம்மை அது. "நல்லாத் தூங்குது, எழுப்பிராதீங்க" என்று குசுகுசுவென்று சொல்லி, பூனை மாதிரி நடந்து போனானாம். எனக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. இன்னொரு நாள் மாட்டிக்கொண்டு இருவரும் லாக்கப்பில் இருந்ததையும் அக்கா அதே சிரிப்போடுதான் சொன்னார். அங்கேயும் தனித்தனி அறையாம்.

பண்டிகை அன்று அக்கா பட்டுப் புடவை கட்டி, வெள்ளைக்காரம்மாவுக்கும் ஒன்றைச் சுற்றிவிட்டு அழைத்து வந்தார். எங்கள் ஊரில் கோயில் முன்பந்தலில் ஊர்க்காரர்கள் சாப்பிடுவார்கள். மலைக்குக் கீழே சமவெளியிலிருந்து வந்து எஸ்டேட்டில் வேலை செய்கிறவர்களுக்குப் பின்னால் தனிப் பந்தல். பந்தி பொறுப்பு என் கணவரின் அண்ணனுக்கு, எனக்கு மாமா முறை. வெள்ளைக்காரம்மாவைக் கண்டதும் மாமா டேபிள், சேர், ஸ்பூன் எல்லாம் வரவழைத்தார். பிறகு அக்காவிடம் திரும்பி, தேன் ஒழுகக் கேட்டார்.

"தப்பா நெனைக்காதீங்கம்மா. நீங்க என்ன ஆளுங்க?"

"தெரியாதுங்களே."

தெரியாது என்றால் எங்கள் ஊரில் யார் நம்புவார்கள்? மறைக்கிறார்கள் என்றுதான் அர்த்தம். பந்திக்கு நின்ற ஆண்கள் கூடிவிட்டார்கள். மூக்கைப் பார்த்தால் நம்ம ஆள்தான் என்றார் ஒருவர். நிறம் இடிக்குதே என்றார் இன்னொருவர். குலதெய்வத்தைக் கேளுங்க என்று மூன்றாமவர் யோசனை சொன்னார்.

"எங்க ஊட்டுல முருகன் படம் இருக்கு. ஏசு காலண்டரும் இருக்கு" என்றார் அக்கா. குழப்பம் கூடியதுதான் மிச்சம். சாம்பார் ஆறிக்கொண்டிருந்தது.

அக்கா சட்டென்று தலையைக் குனிந்து கொண்டையை அவிழ்த்தார். "எங்க நாட்டுல ஆபீசருங்க முடியில பென்சில் சொருகிப் பாப்பாங்க. வழுக்கி விழுந்தா ஒரு சாதி, மாட்டிக்கிட்டா வேற சாதி. கூடப்பொறந்தவங்களையே அப்படிப் பிரிச்சுப்புட்டாங்க. உங்ககிட்ட பென்சில் இருக்குங்களா?"

மாமா நெளிந்தார். "அய்யோ, அப்படியெல்லாம் இல்லைங்கம்மா. பழக்கமுங்க. மேடம் இங்க சாப்பிடட்டும், நீங்க பின்பந்தல்ல உக்காருங்க. சாப்பாடு ஒண்ணுதானுங்க."

ஜீப்பிலும் லாக்கப் கதையிலும் போகாத சிரிப்பு அப்போது அக்கா முகத்திலிருந்து போய்விட்டது. நான் பொறுப்பு என்று சொன்னவள் நான். வெள்ளைக்காரம்மா என்னவென்று கேட்டார். "பழைய கதைதான்" என்றார் அக்கா ஆங்கிலத்தில். அவ்வளவுதான், வெள்ளைக்காரம்மா டேபிளில் தனக்குச் சோறு போட்டிருந்த இலையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு பின்பந்தலைப் பார்த்து நடந்தார். புடவை தடுக்கியது, நிற்கவில்லை. நானும் ஓர் இலையை உருவினேன்.

"ஏம்மா, நீ எங்க போற?" என்றார் மாமா.

"பக்கத்துப் பக்கத்து இலைன்னு வாக்குக் குடுத்துட்டேனுங்க மாமா. உங்க பந்தியில எடமில்லையாமே!" எல்லோர் காதிலும் விழும்படிதான் சொன்னேன்.

பின்பந்தலில் எல்லோரும் நகர்ந்து இடம் விட்டார்கள். எதிர்வரிசையில் காப்பிப் பழம் பறிக்கிற பெண் ஒருத்தி. நாங்கள் எழுந்து வந்த காரணம் அங்கே எங்களுக்கு முன்பே வந்து சேர்ந்திருந்தது. அவள் வெள்ளைக்காரம்மாவை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஏனுங்கம்மா, நீங்க என்ன ஆளுங்க?"

அக்காவின் கை சோற்றில் அப்படியே நின்றது. பிறகு அவருக்கு வந்த சிரிப்பு இருக்கிறதே! தோழியின் தோளில் அடித்து அடித்துச் சொன்னார்: "கேட்டியா? இத்தன காலம் என்னை மட்டும்தான் கேட்டாங்க. இன்னிக்கு உன்னையும் கேட்டுட்டாங்கடி!" ஆங்கிலம் பாதி, தமிழ் பாதி.

வெள்ளைக்காரம்மா அந்தக் கேள்வியை உரிய மரியாதையோடு யோசித்தார். "எனக்கும் தெரியாதுன்னு சொல்லு" என்றார்.

அக்கா சொன்னார். அந்தப் பெண் இந்த முகத்தையும் பார்த்தாள், அந்த முகத்தையும் பார்த்தாள்.

"இந்தம்மாவுக்கும் தெரியாது, அந்தம்மாவுக்கும் தெரியாது. அப்பறம் என்னங்க, நீங்க ரெண்டு பேரும் ஒரே ஆளுங்கதான்" என்று சொல்லிவிட்டு ரசத்துக்குக் குரல் கொடுத்தாள்.

அக்கா அழுதுவிட்டார். எனக்கும் தாங்கவில்லை. ரசத்தின் காரம் என்று நினைத்துக்கொண்டு வெள்ளைக்காரம்மா எங்கள் இருவருக்கும் அவசர அவசரமாகத் தண்ணீர் ஊற்றினார்.