கூட்டுனா எட்டு

சோணைக்கு ஐடி போய்விட்டதாம். வெளிநாட்டில் இருக்கிற ஒரு பொம்பள புகார் எழுதிவிட்டாளாம். ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே டீக்கடை வைத்திருக்கும் சீனியம்மாள் சொன்னதாக, சித்தப்பா மகன் மெர்வின் போனில் சொன்னான்.

"அந்த ஆட்டோக்காரர்தான்க்கா. பெரியம்மாவப் பாக்க ஒன்னைய ஆசுபத்திரிக்குக் கூட்டிட்டுப் போவாருல்ல, அவருதான்."

"யாருடா எழுதினது?"

"எவளோ ஒருத்தி. பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டா. அவல்லாம் நல்லா இருப்பாளா?"

டொராண்டோவில் ஜன்னலுக்கு வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது.

ஐடி போவது என்றால், ஆப் அந்த டிரைவரை வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டது என்று பொருள். அதன்பின் அவருடைய போனில் சவாரி வராது. சோணைக்கு வேறு கதவும் கிடையாது. நான்கு வருடத்துக்கு முன் ஆட்டோ ஸ்டாண்டை விட்டு ஆப்புக்குப் போனவர் அவர். "செல்லுக்கு வாக்கப்பட்டவனுக்கு இங்கிட்டு எடமில்ல" என்று ஸ்டாண்டில் அன்றைக்கே சொல்லிவிட்டார்கள்.

ஐம்பத்திரண்டு வயது இருக்கும். இடது காது மந்தம். அதனால் நாம் எது சொன்னாலும் கழுத்தை முழுக்கத் திருப்பி வலது காதைக் காட்டுவார். அந்த நேரத்தில் ஆட்டோ தானாகப் போய்க்கொண்டிருக்கும். போன் ஸ்டாண்டின் கிளிப் உடைந்துபோனதால், பஸ் ஸ்டாண்டில் பத்து ரூபாய்க்கு ஒரு அட்டை என்று விற்கும் கூந்தல் ரப்பரில் இரண்டை எடுத்துப் போனைக் கட்டியிருப்பார். ஒன்று ரோஸ், ஒன்று பச்சை. ஊர் அலங்காநல்லூர்ப் பக்கம். மாடு பிடிப்பீர்களா என்று யாராவது கேட்டால், "வேலிக்கு அங்கிட்டு நின்னு கைதட்டுற ஆளு நானு" என்பார்.

அம்மாவைப் பார்க்க நான் மதுரைக்கு வந்திருந்த முதல் நாள் போனில் கூப்பிட்டு, "இரேனே மேடமா?" என்று கேட்டார். ஐரின் என்றேன். "ஐரினா? இங்கிலீசுல இரேனேன்னுல்ல போட்டுருக்கான்!" என்று ஆப் மேல் கோபப்பட்டார். மூன்றாம் நாள் மேடம் போய் 'தாயி' வந்தது. வழி சொல்லும் போன் குரலையும் அவர் சும்மா விடமாட்டார். இருநூறு மீட்டரில் வலது பக்கம் திரும்பச் சொன்னால், "ஏத்தா, தரைப்பாலத்துல தண்ணி போகுது. நீ வந்து முங்குறியா?" என்று கேட்டுவிட்டு நேராகப் போவார்.

எல்லாவற்றையும்விட அவருடைய கணக்குத்தான் விசேஷம். ஏறியவுடன் நம் போனில் வந்த நான்கு எண்களைச் சொல்ல வேண்டும். மற்ற டிரைவர்கள் அதைத் தட்டிவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். சோணை கூட்டிப் பார்ப்பார். வலது கைக் கட்டைவிரல் மற்ற விரல்களின் கணுக்களில் ஏறி இறங்கும். "ஏழும் ரெண்டும் ஒம்பது, அஞ்சு பதினாலு, நாலு பதினெட்டு. ஒண்ணும் எட்டும் ஒம்பது. போவோம்." எட்டு வந்தால் மட்டும் எஞ்சினை அணைத்துவிடுவார். அது சனியின் எண். "எட்டு தாயி. ஒரு நிமிசம் இருந்து போவோம்."

"ஒரு நிமிஷத்துல சனி போயிருமாண்ணே?"

"அவருக்கும் ஆயிரம் சோலி இருக்கும்ல."

தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தாலும் இதே கதைதான். முதலில் கூட்டல், பிறகுதான் பேச்சு. எட்டு வந்தால் ஒரு நிமிடம் கையிலேயே வைத்துக்கொண்டு பார்த்திருப்பார். அதற்குள் மணி நின்றுவிடும். "லோன் வேணுமா சார்னு கேக்குறவன் பூரா என்னைய விட்டுட்டான் தாயி" என்று சிரிப்பார்.

நான் எந்த ஊரில் இறங்கினாலும் டிரைவருக்கு எவ்வளவு கொடுப்பது என்றுதான் முதலில் தேடுவேன். டொராண்டோவில் பயணம் முடியும்போதே திரை கேட்கும்: டிப் பதினைந்து சதவீதமா, பதினெட்டா, இருபத்திரண்டா? நடுவில் உள்ளதை அழுத்திவிட்டு, குறைத்துவிட்டோமோ என்று வீடு வரைக்கும் குமைவேன். நியூயார்க்கில் ஒருவர் என் பெட்டியை நடுரோட்டில் வைத்துவிட்டுப் போனார். டோக்கியோவில் ஒரு கிழவர் நான் விட்டுவந்த சில்லறையோடு பின்னாலேயே ஓடிவந்தார். பிறந்த ஊரிலும் அந்த நடுக்கம் என்னை விடவில்லை. முதல் வாரமே சோணையிடம் நூறு ரூபாயை நீட்டி, "டீக்கு வச்சுக்கங்கண்ணே" என்றேன்.

கழுத்தைத் திருப்பி வலது காதைக் காட்டினார். திரும்பவும் சொன்னேன்.

"டீக்கா? அப்ப டீ வாங்கிக் குடு" என்று வண்டியைச் சீனியம்மாள் கடைக்கு ஓரங்கட்டினார். பக்கத்தில் நின்று இரண்டு பேரும் குடித்தோம். "காசாக் குடுத்தா அத்தோட போச்சு தாயி. டீன்னா அடுத்த தடவ நான் வாங்கித் தரணும்ல."

அப்படியே நடந்தது. ஒரு நாள் என் டீ, ஒரு நாள் அவர் டீ. ஒவ்வொரு காலையும் அந்த நேரத்தில் புக் செய்தால் பெரும்பாலும் அவர்தான் வருவார். எங்கள் விளாங்குடிப் பக்கமே சுற்றிக்கொண்டிருப்பார் என்று பிறகுதான் தெரிந்தது.

அம்மா ஆஸ்பத்திரியில் பத்தொன்பது நாள் இருந்தாள். பத்தொன்பதாம் நாள் காலை நர்ஸ் கூப்பிட்டு, சீக்கிரம் வாருங்கள் என்று மட்டும் சொன்னாள். ஆட்டோவில் ஏறி எண்ணைச் சொன்னேன். கட்டைவிரல் கணுக்களில் ஓடியது. "ஒம்பது தாயி. நல்ல எண்ணு" என்று அப்போதே வண்டியைக் கிளப்பினார். பாலத்தில் அவர் அப்படி ஓட்டி நான் பார்த்ததில்லை. நான் கையைப் பிடித்தபோது அம்மாவுக்கு இன்னும் மூச்சு இருந்தது. "வந்துட்டியா" என்றாள். அதற்கப்புறம் பேசவில்லை.

வார்டுக்கு வெளியே இரண்டு மணி நேரம் கழித்து வந்து பார்த்தால், சோணை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மடியில் போன் அணைந்து கிடந்தது. "இது சவாரியா தாயி? அணைச்சுட்டேன்" என்றார். என்னை வீட்டுக்குக் கொண்டுவந்து விட்டார். காசு என்று நான் வாயெடுத்ததும், "வாய மூடு" என்றார். அவர் என்னை அதட்டியது அந்த ஒருமுறைதான்.

நான் கிளம்பிய அன்று ஏர்போர்ட் போகும் வழியில் சீனியம்மாள் கடையில் நிறுத்தினோம். என் முறை, நான் வாங்கினேன். கிளாசைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"ஒண்ணு சொல்லணும் தாயி. அன்னைக்கு எட்டுதான் வந்துச்சு. ஒம்பதுன்னு பொய் சொல்லிட்டேன். ஒரு நிமிசம் நின்னுருந்தா நீ ஒங்கம்மா மொகத்தப் பாத்துருக்க மாட்ட. ஆனா எட்டுல கெளம்புனோமேன்னு எனக்கு இன்னும் உறுத்தலா இருக்கு. என்னாலதான் போயிட்டாங்களோன்னு..."

அவர் கையைப் பிடித்தேன். கையை உருவிக்கொண்டு, "சரி சரி. அடுத்த டீ என்னோடது. வரணும்" என்றார்.

விமானத்துக்குக் காத்திருக்கையில் போன் கேட்டது: பயணம் எப்படி இருந்தது? ஐந்து நட்சத்திரத்தையும் அழுத்தினேன். கீழே கருத்து எழுத ஒரு கட்டம் இருந்தது. டிப் வாங்காத மனிதருக்கு என்னால் கொடுக்க முடிந்தது அந்தக் கட்டம் ஒன்றுதான். என் அம்மா இறந்த நாளில் ஆப்பை அணைத்துவிட்டு எனக்காகக் காத்திருந்தார், பைசா வாங்காமல் வீடு வரை கொண்டுவந்து விட்டார், இவரைப் போன்றவர்களுக்கு நீங்கள் விருது கொடுக்க வேண்டும் என்று எழுதினேன். ஆங்கிலத்தில் எழுதினால்தான் மேலே இருக்கிறவர்கள் படிப்பார்கள் என்று நினைத்தேன். படித்துவிட்டார்கள். ஆப்பை அணைத்துவிட்டு ஆள் ஏற்றுவது அவர்கள் விதிப்படி குற்றமாம்; அந்த ஒரு வரி அவர்களுக்குப் போதுமாக இருந்தது.

மெர்வின் சொன்ன தேதியும் நான் எழுதிய தேதியும் ஒத்துப்போகின்றன. கம்பெனிக்கு மூன்று கடிதம் எழுதிவிட்டேன். மூன்றுக்கும் ஒரே பதில்தான்: உங்கள் மதிப்புமிக்க கருத்துக்கு நன்றி.

இப்போதும் காலை ஆறு மணிக்கு ஆட்டோவோடு வந்துவிடுகிறாராம். ஆட்டோ ஸ்டாண்டுக்கு இந்தப் பக்கம், டீக்கடை ஓரமாக நிறுத்திக்கொள்கிறாராம். "என்ன சோண, செல்லுல டவர் இல்லையா? தட்டிப் பாரப்பா" என்று அங்கிருந்து கேலி வருமாம். சீனியம்மாளுக்குப் பொறுக்கவில்லை. "எழுதுனவளுக்கு ஒரு சாபமாச்சும் விடுண்ணே" என்றிருக்கிறாள். அவர், "விடுத்தா. அந்தப் புள்ளைக்கு என்ன கஷ்டமோ" என்றாராம்.

அவருடைய எண்ணை மெர்வினிடம் வாங்கினேன். மதுரையில் நான் வைத்திருந்தது உள்ளூர் சிம். இந்த எண் அவருக்குத் தெரியாது. அங்கே காலை ஆறரை இருக்கும்போது கூப்பிட்டேன். 'அண்ணே, எழுதினது நான்தான்' என்று எடுத்தவுடன் சொல்லிவிட வேண்டும். 'அண்ணே' என்பதைத் தாண்ட முடியுமா என்று தெரியவில்லை. மணி அடித்து ஓய்ந்தது.

திரும்பவும் அழுத்திவிட்டு, மணி அடிக்க அடிக்க, என் எண்ணை நாட்டு எண்ணோடு சேர்த்து நானும் விரல் கணுக்களில் கூட்டிப் பார்க்கிறேன். முப்பத்தைந்து. மூன்றும் ஐந்தும் எட்டு.

சீனியம்மாள் கடை ஓரத்தில், ரோஸ் ரப்பரையும் பச்சை ரப்பரையும் கழற்றிப் போனைக் கையில் எடுத்திருப்பார். கட்டைவிரல் கணுக்களில் ஏறி இறங்கி நின்றிருக்கும். ஒரு நிமிடம் இருந்து பார்ப்பார். மணி அடித்துக்கொண்டிருக்கிறது.