அக்கா பெயரில் என் ஈசிஜி

எங்கள் பள்ளி பி.டி. சாரை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அப்போது நான் ஆறாவது, அக்கா பத்தாவது. எண்ணூறு மீட்டரில் அவளை முந்த புதுவாயல் சுற்றுவட்டாரத்தில் ஆள் கிடையாது. ஓடி முடித்ததும் மட்டும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். ஒழுங்காகச் சாப்பிடாததுதான் காரணம் என்று அம்மா திட்டுவாள்.

மாவட்டப் போட்டிக்குப் போகிறவர்களுக்கு இதயப் பரிசோதனை கட்டாயம் என்று பள்ளிக்கு ஒரு வேன் வந்தது. ஈசிஜி எடுக்க வந்தவன் ஓர் ஆண். இடம், கதவு உடைந்த அறிவியல் கூடம். மறைப்புக்கு ஒரு பழைய புடவையைக்கூடக் கட்டவில்லை. சட்டைப் பொத்தானைக் கழற்ற வேண்டும் என்றதும் அக்கா அழுதுகொண்டே வீட்டுக்கு ஓடிவிட்டாள். அப்பா வேலை செய்த தேர்வாய் கண்டிகை கம்பெனியில் வருடா வருடம் தனி அறையில் திரை போட்டுத்தான் பார்ப்பார்கள். மூட்டை தூக்குகிற ஆம்பளைக்குக் கிடைத்த மரியாதை பதினைந்து வயதுப் பெண்ணுக்கு இல்லை.

அம்மா நேரே பள்ளிக்கு வந்து பி.டி. சாரைப் பிடித்தாள். அவளைப் பார்த்து வகுப்பிலிருந்து நானும் ஓடினேன்.

"வயசுக்கு வந்த பொண்ணு சார். ஆம்பள முன்னால எப்டி படுக்கும்? ஒரு துணி கட்டச் சொல்லக்கூடாதா?"

"இன்னாம்மா பேஜாரு பண்ற. வேன் கிளம்பப் போவுது. பேப்பரு இருந்தா போதும். தோ நிக்குதே சின்னது, இத்த படுக்க வை."

படுத்தேன். பெயர் கேட்டபோது அக்கா பெயரைச் சொன்னேன். வயது பதினைந்து என்றிருந்த தாளையும் என்னையும் பார்த்தவன் ஒன்றும் கேட்கவில்லை. 'நார்மல்' என்று வந்தது. ஏதோ நானே ஜெயித்த மாதிரி வீடு வரை குதித்துக்கொண்டு போனேன்.

போட்டியில் இரண்டாவது சுற்றில் அக்கா சுருண்டு விழுந்தாள். பிழைத்தது யார் செய்த புண்ணியமோ. ஆஸ்பத்திரியில் புதிதாக எடுத்த ஈசிஜியையும் சார் கொண்டுவந்த தாளையும் டாக்டரம்மா பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"இது பிறப்புலேயே இருக்கிற கோளாறு. போன மாசம் எடுத்ததுல எப்படி இல்லாமப் போச்சு?"

"செக்கப் பண்ணித்தான் மேடம் அனுப்புனோம்" என்று சார் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தார். அம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். எனக்கு எல்லாம் தெரியும். ஆனால் உண்மையைச் சொன்னால், ஆள் மாற்றி ஏமாற்றியதற்காக அடுத்த வருடம் அக்காவை ஓடவிட மாட்டார்களே என்று பயந்து, வாயைத் திறக்காமல் நின்றேன்.