ஆறு மாதம் என்று சொன்னேன்

தொண்ணூற்றெட்டாம் ஆண்டு, ஜூன் மாதம். ஓக்லாந்தில் விடாமல் மழை பெய்துகொண்டிருந்த ஒரு காலை. ரானுயி என்ற புறநகரில் நானும் இரண்டு நண்பர்களும் வாடகைக்கு இருந்த வீட்டிலிருந்து ரயில் பிடித்து, நகரத்திலிருந்த குடிவரவு அலுவலகத்துக்குப் போனேன். எனக்கு நிரந்தர வதிவிடம் கிடைத்திருந்தது. மனைவியைக் கூப்பிட ஸ்பொன்சர் செய்திருந்தேன். அது சம்பந்தமாக நேர்முகத்துக்கு வரச் சொல்லியிருந்தார்கள்.

எங்கள் கல்யாணம் அந்த வருடம் தை மாதம் கொழும்பில் நடந்தது. வீட்டார் பேசிச் செய்த கல்யாணம். ஜனவரி நடுவில் போய் இறங்கிய பிறகுதான் அவளை முதன்முதலாக நேரில் பார்த்தேன். லீவு முடிய, கல்யாணமாகி ஒரு மாதம் நிறையும் முன்பே திரும்பி வந்துவிட்டேன். அவள் வெள்ளவத்தையில் ஒரு வாடகை அறையில் தாயோடு இருந்தாள். வயிற்றில் பிள்ளை. வயிறு இன்னும் பெருத்தால் விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். யுத்தம் நடந்த அந்த நாட்களில் கொழும்பில் தமிழர் தங்கியிருக்கும் அறைகளைப் பொலிஸ் வந்து தட்டும். வயிற்றுப்பிள்ளையோடு எழும்பிப் போய் அடையாள அட்டை காட்டிக்கொண்டு நிற்பாளே என்று நினைத்து நினைத்தே எனக்கு நித்திரை கெட்டிருந்தது.

அதிகாரி நடுத்தர வயது வெள்ளைக்காரப் பெண். எங்கள் கல்யாணப் படங்களை மேசையில் பரப்பி வைத்திருந்தார். அதில் நாங்கள் இருவரும் பாஸ்போர்ட்டுக்குப் படம் எடுக்க நிற்பவர்கள் மாதிரி விறைத்துக்கொண்டு நிற்கிறோம். ஏன் ஒருவரும் சிரிக்கவில்லை என்று கேட்டார். எங்கள் ஊரில் மாப்பிள்ளை பல்லைக் காட்டிக்கொண்டு நின்றால் ஆட்கள் ஒரு மாதிரிக் கதைப்பார்கள் என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் விளக்கினேன். அவர் நம்பினாரோ தெரியாது. பிறகு, மனைவிக்கு எத்தனை மாதம் என்று கேட்டார்.

நான் காத்திருந்ததே இந்தக் கேள்விக்குத்தான். பதிலைக் கேட்டால் அலுவலைக் கெதியாக முடித்துத் தருவார்கள் என்று ஒரு நம்பிக்கை. இரண்டு நாட்களுக்கு முன் போனில் அவள், “எனக்கு ஆறாம் மாதம் துவங்கீற்றுது” என்று சொல்லியிருந்தாள். நானும் நிமிர்ந்து உட்கார்ந்து, ஆறு மாதம் என்றேன்.

அவர் எழுதுவதை நிறுத்திவிட்டார். என் பாஸ்போர்ட்டை எடுத்துப் புரட்டி, கொழும்பில் இறங்கிய முத்திரையைத் தேடிப் பார்த்தார். மேசையில் இருந்த கலண்டரைப் பின்னோக்கித் தள்ளினார். கல்யாணத்துக்குப் போவதற்கு முன் மனைவியைச் சந்தித்ததுண்டா என்று மெதுவாகத்தான் கேட்டார். இல்லை என்றேன். ஆறு மாதம் என்றால் டிசம்பர் அல்லவா, நீங்கள் போனது ஜனவரி என்றார். சொன்ன பிறகுதான் அவர் எங்கே வருகிறார் என்று எனக்கு விளங்கியது.

நான் முன்கோபக்காரன். தலைக்கு ரத்தம் ஏறியது. கதிரையை விட்டுப் பாதி எழும்பிவிட்டேன். அப்படியானால் உங்கள் மனைவியையும் அங்கே தனியாக விசாரிக்க வேண்டிவரும், அதற்குக் காலமெடுக்கும் என்று அவர் சொன்னார். முன்பின் தெரியாத ஒருவர், மொழிபெயர்ப்பாளரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அவளிடம் இந்தக் கேள்வியைக் கேட்பதை நினைத்துப் பார்த்தேன். கத்தினால் அலுவல் கெட்டுவிடும். திரும்ப உட்கார்ந்தேன்.

என்ன செய்வதென்று தெரியாமல், பெருவிரலால் மற்ற விரல்களின் ரேகைகளைத் தொட்டு எண்ணத் தொடங்கினேன். தை, மாசி, பங்குனி, சித்திரை, வைகாசி, ஆனி. ஆறு. அவர் என் கையையே பார்த்தார். நாங்கள் நடக்கிற மாதத்தையும் சேர்த்துத்தான் எண்ணுவோம், எங்கள் கணக்கில் பிள்ளைக்குப் பத்து மாதம் என்றேன்.

பத்தா என்று கேட்டார். பத்துத்தான், என் அம்மா என்னையும் பத்து மாதம் சுமந்தவர் என்றேன். மாட்டிக்கொண்டவன் அவிழ்த்துவிடும் கதை மாதிரி அது என் காதுக்கே கேட்டது. பிள்ளை எப்போது பிறக்கும் என்று கேட்டார். மறுபடி விரலில் ஐப்பசி வரை எண்ணி, ஒக்டோபர் கடைசி என்றேன். அவர் ஒரு துண்டுத் தாளில் ஏதோ கூட்டிக் கழித்தார். அந்தக் கொஞ்ச நேரத்தில் நான் கும்பிடாத தெய்வமில்லை.

“எனக்கும் இரண்டு பிள்ளைகள். டாக்டர் நாற்பது வாரம் என்றுதான் சொன்னார்” என்று சொல்லிவிட்டு, தாளைப் பார்த்தபடியே, “நான்கு வாரம் ஒரு மாதம் என்றால் பத்துத்தான்” என்றார். பிறகு, மனைவி காட்டும் டாக்டரிடம் ஒரு கடிதம் வாங்கி ஃபக்ஸில் எடுத்துத் தாருங்கள், அது போதும், மனைவியிடம் யாரும் இதைக் கேட்க மாட்டார்கள் என்றார்.

அன்று பின்னேரம் டெலிபோன் கார்ட் வாங்கி அவளுக்கு எடுத்து, நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன்.

“அந்த மனுசி கேட்டது கிடக்கட்டும். நீங்கள் என்ன நினைச்சனீங்கள்?” என்றாள்.

“எனக்கு வந்த ஆத்திரத்துக்கு…”

“அதில்லையப்பா. ஒருக்கால் எண்டாலும் உங்களுக்கும் அப்பிடி ஒண்டு வந்ததோ?”

நான் அந்த அறையை, அந்தக் கதிரையை எல்லாம் மனதில் திரும்பப் பார்த்தேன். கோபம் இருந்தது, பயம் இருந்தது. அவள் கேட்டது மட்டும் இருக்கவில்லை. “இல்லை, எனக்கு அது வரவேயில்லை. உமக்கு ஏதும் நடந்திடுமோ எண்டுதான் பயந்தனான்” என்றேன். அவள் அழுதாள். கார்ட் முடியும் வரை அழுதாள்.

விசா கிடைத்து, விமானத்தில் ஏற விடுகிற கடைசி நாட்களில் அவள் வந்து சேர்ந்தாள். ஐப்பசியில் மகள் பிறந்தாள். அந்த மகள் இப்போது பாட்டனி டவுன்ஸில் தன் கணவரோடு இருக்கிறாள், பிள்ளைத்தாய்ச்சி. தாய் போன் எடுத்து எத்தனையாம் மாதம் என்று தமிழில் கேட்கிறாள், மகள் வாரக்கணக்கில் ஆங்கிலத்தில் பதில் சொல்கிறாள். நான் பக்கத்தில் இருந்து விரல் ரேகையைத் தொட்டு எண்ணும்போதெல்லாம், ஒரு மாதம்கூடச் சேர்ந்து வாழாத ஒருத்தியை நான் எவ்வளவு நம்பியிருந்தேன் என்று எனக்கே தெரியவந்த அந்த மழை நாள் நினைவுக்கு வருகிறது.