ரமோனுக்குத் தர வேண்டிய ஓர் அங்குலம்

கார் கூரைகளை அறுத்துத் தாழ்த்தித் தரும் வெர்ன் டில்மனின் பட்டறைக்கு யார் வந்தாலும் முதலில் வாசலில் கவிழ்த்து வைத்த ஆரஞ்சுப் பெட்டியின் மேல் உட்கார வேண்டும். வெர்ன் அவர்கள் தலையில் ஒரு பழைய ஹெல்மெட்டைக் கவிழ்ப்பார். உச்சி எந்த உயரத்துக்கு வருகிறதோ, அங்கே கதவு நிலையில் பென்சிலால் கோடு கிழித்துப் பெயரை எழுதுவார். அதற்குப் பிறகுதான் வந்த காரியத்தைக் கேட்பார். பாதிரியார் உட்கார்ந்திருக்கிறார். இன்சூரன்ஸ்காரர் உட்கார்ந்திருக்கிறார். மகள் லோர்னாவைப் பெண் கேட்க வந்தவனும் உட்கார்ந்தான்.

“முப்பத்தாறரை அங்குலம். உள்ள அடங்குவான்” என்றார் வெர்ன். அதுதான் சம்மதம் என்று லோர்னா புரிந்துகொண்டாள்.

பத்து வயதில் அவள் ஒருமுறை கேட்டாள். “போஸ்ட்மேனை எதுக்குப்பா அளக்குறீங்க? அவர்கிட்ட சைக்கிள்தானே இருக்கு?”

“நாளைக்கே அவரும் ஒரு ஃபோர்டு வாங்கி, கூரையைக் குறைச்சுக் குடுன்னு வந்து நின்னா?”

அது உண்மையான பதில் இல்லை என்று அப்போதே தோன்றியது. உண்மையை அப்பாவின் பழைய நண்பர் ரமோன் மாமாதான் சொன்னார், அப்பா பக்கத்தில் இருக்கும்போதே, வயிறு வலிக்கச் சிரித்துக்கொண்டு.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பது ஆகஸ்ட். ரெட்லாண்ட்ஸ் ஊரில் வெர்ன் ஆரஞ்சுக் கிடங்கில் மெக்கானிக். ரமோன் ஓச்சோவா சிமெண்ட் ஆலையில் வேலை, ஆறடி மூன்றங்குலம். மூன்று வருடச் சம்பளத்தில் வாங்கிச் சேர்த்த முப்பத்திரண்டாம் வருடத்து ஃபோர்டு அவனுடையது. ராணுவத்தில் சேரச் சொல்லிக் கடிதம் வந்துவிட்டது. திங்கட்கிழமை காலை பஸ் ஏற வேண்டும். அதற்கு முந்தைய நாள் எல் மிராஜ் வறண்ட ஏரியில் கார்களின் வேகப் போட்டி. போவதற்குள் அவனுக்கு ஒன்றே ஒன்று வேண்டும்: தன் வண்டி மணிக்கு நூற்றிருபது மைலைத் தாண்ட வேண்டும், அப்போது ஸ்டீயரிங் தன் கையில் இருக்க வேண்டும்.

“காத்து தடுக்குது. கூரையை மூணு அங்குலம் இறக்கு, போதும்” என்றான்.

வெர்ன் வேலையில் குறையே வைக்கவில்லை. கூரையில் கை வைக்குமுன் கதவு வாசலின் குறுக்கே இரும்புக் கம்பிகளை வைத்து வெல்டு செய்தான். இல்லாவிட்டால் கூரையைத் தாங்கும் தூணை அறுத்ததும் வண்டி வாய் பிளந்துவிடும், பிறகு கதவு ஜென்மத்துக்கும் மூடாது. தூண்களில் டேப் சுற்றி, இரு பக்கமும் ஒரே அளவில் கோடு போட்டு அறுத்தான். முன்தூண் சாய்ந்திருப்பதால், கூரையை இறக்கினால் அடித்தூணுக்கு நேராக வந்து உட்காராது. அடியில் சின்ன வெட்டுக் கொடுத்துத் தூணைக் கொஞ்சம் நிமிர்த்தினான். வெல்டையும் ஒரே மூச்சில் ஓட்டவில்லை. இங்கே ஒரு பொட்டு, எதிர்ப்பக்கம் ஒரு பொட்டு, தொட்டால் சுடாத வரை காத்திருந்து அடுத்தது. அவசரப்பட்டால் தகடு அப்பளமாகச் சுருண்டுவிடும். கண்ணாடியை வெட்டக் கொடுக்குமுன் அட்டையில் அச்சு எடுத்து ஜன்னலில் பொருத்திப் பார்த்தான்.

எல்லாம் சரி. சாலையைக் கடந்து எதிர்ப்பக்கம் போய் நின்று பார்த்ததுதான் தப்பு. மூன்று அங்குலம் குறைந்த வண்டி நன்றாக இருந்தது. இன்னும் ஓர் அங்குலம் குறைந்தால் அழகாக இருக்கும் என்று பட்டது. அந்த எண்ணம் ஒருவனுக்கு ஏன் வருகிறது? வேலை கைவசப்பட்டவனுக்குத்தான் வரும் போலிருக்கிறது. திரும்பி வந்து, போட்ட பொட்டுகளை அறுத்து, தூண்களிலிருந்தும் கதவுச் சட்டங்களிலிருந்தும் இன்னும் ஓர் அங்குலம் எடுத்துவிட்டான். ரமோன் சனிக்கிழமை முழுக்க ஆலையில். உட்கார வைத்துப் பார்க்க ஆள் இல்லை.

ஞாயிறு காலை வெள்ளை வெளேரென்ற ஏரித்தரையில் வண்டியை இறக்கினார்கள். பார்த்தவர்கள் விசில் அடித்தார்கள். ரமோன் ஹெல்மெட்டை மாட்டி உள்ளே நுழைந்தான். தலை கூரையில் இடித்து நின்றது. சீட்டைக் கழற்றினார்கள். ஒரு போர்வையை மடித்துத் தரையில் போட்டார்கள். அப்போதும் கழுத்தை இடது தோளில் சாய்த்தால்தான் உள்ளே இருக்க முடிந்தது.

வண்டிகளைச் சோதிக்கும் பெரியவர் குனிந்து பார்த்தார். “தம்பி, பாதையை ஒத்தைக் கண்ணால பார்ப்பியா? இறங்கு.”

எதிர்க் குழுவைச் சேர்ந்த லோவெல் கிரிப்ஸ் ஓடி வந்தான். ஐந்தடி இரண்டங்குலம், வாய் மட்டும் ஏழடி. “கூரை போட்டிருக்கீங்களா, இல்ல சட்டிக்கு மூடி போட்டிருக்கீங்களாடா?”

வெர்ன் செத்த முகத்தோடு சொன்னான். “நீ மூணுன்னு சொன்ன. நான் நாலு எடுத்துட்டேன்.”

“ஏன்டா?”

“அழகா இருந்துச்சுடா.”

ரமோன் வண்டியைச் சுற்றி ஒருமுறை நடந்தான். ஒருமுறை சுற்றியவன் மறுபடியும் சுற்றினான்.

“ஆமா, அழகாத்தான் இருக்கு நாசமாப் போறவனே” என்றான். வெர்னும் ஆறடி, அவனும் அடங்க மாட்டான். ரமோன் திரும்பினான். “லோவெல், இங்க வா. ஓட்டுறியா?”

“நானா? உங்க வண்டியையா? எங்க ஆளுங்க என்னைக் கொன்னுருவாங்க.”

“பயமா இருக்குன்னு சொல்லேன்.”

அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. லோவெல் ஏறினான். ரமோனுக்காகச் சீட்டைக் கழற்றிய வண்டியில், அவனுக்குப் பாதை தெரிவதற்காக இரண்டு தலையணை வைக்க வேண்டியிருந்தது. ஏரி முழுக்கச் சிரித்தது. புழுதி வால் நீண்டுகொண்டே போய்க் கடைசியில் நின்றது. நேரம் பார்ப்பவர் வேகம் எழுதிய காகிதத்தை நீட்டினார்: நூற்று இருபத்து மூன்று புள்ளி நான்கு. ரமோன் வெர்னை அப்படியே தூக்கிச் சுற்றினான். வேகத்தைப் பொறித்து வண்டிக்குத் தரும் பித்தளைத் தகட்டில் ஓட்டியவன் பெயர்தான் வரும். லோவெல் கிரிப்ஸ் என்று அது இன்றைக்கும் ரமோனின் டேஷ்போர்டில் இருக்கிறது.

மறுநாள் பஸ் ஜன்னலிலிருந்து ரமோன் கத்தினான். “நீ எனக்கு ஓர் அங்குலம் பாக்கி தரணும், மறந்துராத!”

இரண்டு வருடம் கழித்து முழுசாகத் திரும்பி வந்தான். வெர்ன் அந்த ஓர் அங்குலத் துண்டுகளை ஒரு கம்பியில் கோத்து, ரமோனின் பெயர் எழுதி ஆணியில் மாட்டி வைத்திருந்தான். “வண்டிய விட்டுட்டுப் போ, கூரைய ஏத்திக் குடுத்துர்றேன்” என்றான்.

“தொட்ட, கையை ஒடிச்சிருவேன். நேத்து கடைத்தெருவுல மூணு பொண்ணுங்க திரும்பிப் பார்த்துச்சு.”

அதில் ஒருத்தியைத்தான் கட்டிக்கொண்டான். பிறகு நாற்பது வருடத்துக்கு மேல் தலையை இடது பக்கம் சாய்த்தே ஓட்டினான். தெருவில் நடக்கும்போதும் தலை அப்படியே நின்றுவிட்டது. ஆண்டுதோறும் வெர்ன் கேட்பார், ரமோன் மறுப்பார். இடையில் வந்தவர்களையெல்லாம் வெர்ன் ஆரஞ்சுப் பெட்டியில் உட்கார வைத்தார். அளக்காமல் அவர் அறுத்த கூரை அதற்குப் பிறகு ஒன்றுகூட இல்லை.

போன குளிர்காலத்தில் வெர்ன் போய்ச் சேர்ந்தார். எழுபது வயது. பட்டறை இப்போது லோர்னாவின் கையில். வசந்தத்தில் பிரேக் பார்க்க ரமோன் வந்தபோது, அவள் ஆணியிலிருந்து அந்தக் கம்பியை எடுத்து அவர் மடியில் வைத்தாள்.

“மாமா, அப்பா கடைசியா சொன்னது இதைத்தான். ஒரு வாரம் வண்டிய விடுங்க. நானே ஏத்தி வச்சிடுறேன். அவர் பாக்கி தீரட்டும்.”

ரமோன் துண்டுகளை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். அறுத்த ஓரம் இன்னும் நேராக இருந்தது.

“கச்சிதமாத்தான் அறுத்திருக்கான் படுபாவி” என்றார். “இதை வாங்கிக்கிட்டா உங்கப்பன் அங்க மேல நிம்மதியா உட்கார்ந்திருப்பான். விடுவேனா? நானும் அங்க போய் என் பாக்கியைக் கேட்டாகணும்ல?”

எழுந்து அந்தக் கம்பியைப் பழைய ஆணியிலேயே மாட்டினார். பிறகு தலையை இடது பக்கம் சாய்த்து வண்டிக்குள் நுழைந்து, ஹாரனை இரண்டு முறை அடித்துவிட்டுக் கிளம்பினார்.