அப்பா சுட்ட நரி

எங்கள் வாத்துகளை நரி தூக்கத் தொடங்கிய வருடம் நான் நான்காம் வகுப்பில் இருந்தேன். பருத்திப்பட்டு ஏரிக்கரையை இன்று பார்ப்பவர்களிடம் நரி என்று சொன்னால் சிரிப்பார்கள். அப்போது எங்கள் வீட்டுக்குப் பின்னால் முள்காடும், அதைத் தாண்டினால் கோரைப்புல்லும்தான். வாத்து வளர்ப்பது அப்பாவின் ஆசை. அவை நடந்த இடமெல்லாம் கழுவிவிடுவது அம்மாவின் வேலை. அதனால் வாத்து காணாமல் போகும்போதெல்லாம் வீட்டில் ஒருவர் மட்டுமே துக்கம் அனுசரித்தார்.

அப்பா பூந்தமல்லிக்குப் போய் ஒரு ஏர்கன் வாங்கி வந்தார். கூடவே இரண்டு டப்பா ஈயக்குண்டுகள். ஒன்றில் இருந்தவை கூர்முனை. மற்றதில் இருந்தவற்றுக்குத் தலையில் சின்னக் குழி. எது நல்லது என்று பார்க்க அம்மாவின் துணிசோப்பைச் சுவரோரம் நிறுத்திச் சுட்டார். கூர்க்குண்டு பென்சிலால் குத்தியதுபோல ஓட்டை போட்டு மறுபக்கமாக வெளியேறிவிட்டது. குழிக்குண்டு உள்ளேயே நின்றது. சோப்பை அறுத்து எடுத்தபோது அதன் தலை குடைபோல் விரிந்திருந்தது. அது போன வழியில் என் விரல் நுழையும் அளவுக்குப் பள்ளம்.

"சோப்பு இன்னாத்துக்கு? தோய்க்கறதுக்கா, சுடறதுக்கா?" என்றாள் அம்மா.

அம்மாவின் தம்பி அப்போது எங்களோடு இருந்தார். ராணுவத்தில் தொடையில் குண்டடிபட்டுப் பாதியில் திரும்பியவர். அவரால் ஓரிடத்தில் உட்கார முடியாது. சாப்பாட்டின் நடுவே எழுந்து தட்டோடு வாசலுக்குப் போவார், திரும்புவார், மொட்டைமாடியில் நொண்டி நொண்டி நடப்பார். அவர் நடந்தால் எனக்கும் பாடத்தில் கண் நிற்காது. அப்பா துப்பாக்கியை அவரிடம் நீட்டினார்.

"நீ சுடு மச்சான். உனக்குத்தான் பழக்கம்."

"எனக்கு வோணாம். நீ சுடறதுன்னா குழிக்குண்டு போட்டு, கிட்டப் போயி சுடு. இல்லாங்காட்டி வுட்ரு."

அப்பாவுக்கு அந்த விரிந்த ஈயத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை. "பாவம், அதுக்கு எதுக்கு அம்மாம்பெரிய காயம்?" என்றார். சனிக்கிழமை மாலை வாத்துக்கூண்டருகே நரி வந்தபோது கூர்க்குண்டால் சுட்டார். நரி ஒருமுறை துள்ளி முள்காட்டுக்குள் ஓடியது. பயந்து ஓடிவிட்டது, இனி வராது என்று அப்பா சிரித்தார். நானும் சிரித்தேன்.

ஞாயிறு காலை கோயிலுக்குக் கிளம்பும்போது கோரைப்பக்கமிருந்து அது கேட்டது. மூக்கடைத்த குழந்தை அழுவதுபோல் மெல்லிய முனகல். நிற்கும், மறுபடி தொடங்கும். அம்மா என் சடையைப் பின்னினாள், அவிழ்த்தாள், திரும்பப் பின்னினாள். அப்பா டிவியைச் சத்தமாக வைத்தார். மாமா வாசலுக்கும் புழக்கடைக்குமாக நடந்தார். பிறகு குழிக்குண்டு டப்பாவைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு துப்பாக்கியோடு இறங்கிப் போனார். "வேணாம் மாமா" என்று பின்னால் ஓடினேன். அம்மா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

ஒரு சத்தம். அப்புறம் முனகல் இல்லை.

முழங்கால்வரை சேறோடு வந்த மாமா துப்பாக்கியைச் சுவரில் சாய்த்தார்.

"ராவெல்லாம் அப்படியே கெடந்துகீது. உன் குண்டு உள்ள பூந்து எங்கியோ குந்திகினுகீது. சாகவும் வுடல, பொழைக்கவும் வுடல."

அப்பா போய் டிவியை அணைத்தார். கோயிலுக்கு வரவில்லை.

எனக்கோ எல்லாம் தெளிவாக இருந்தது. அப்பா சுட்டார், நரி உயிரோடு ஓடியது. மாமா சுட்டார், செத்துப்போனது. பிரசங்கம் முடியும்வரை கண்ணை மூடிக்கொண்டு, அப்பாவின் நல்ல மனசுக்காக ஆண்டவருக்கு நன்றி சொன்னேன். மாமாவின் பாவத்தை மன்னிக்கும்படி கேட்டேன். வீட்டுக்கு வந்தபின் மாமாவோடு நெடுநாள் பேசவில்லை. அவரும் ஏன் என்று கேட்கவில்லை. அந்த இருவரில் யாருக்காக எதைக் கேட்டிருக்க வேண்டும் என்பது எனக்கு அப்போது தெரியவில்லை.