ஏழாம் நோயாளியை வாசித்தவர்கள்

கொட்டாஞ்சேனைக் கிளெமென்ற் முப்பத்தொரு வருடம் தனியார் மருத்துவமனை ஒன்றில் மூளை அலைகளைப் பதிவுசெய்தவர். அத்தனை வருடத்தில் அவர் அங்கே குரலை உயர்த்தியது ஒரேயொரு நாள்: 2008 ஐப்பசியில் ஒரு செவ்வாய்க்கிழமை.

அன்று டொக்டர் சவுந்தரநாயகத்தின் மேசையில் கேக் இருந்தது. குண்டுவெடிப்பில் தலையில் அடிபட்டுப் பேச்சிழந்த பதினொருவரைப் பற்றி அவர் எழுதிய கட்டுரையை இணையத்தில் வாசித்தவர்கள் பதினாலாயிரத்தைத் தாண்டியிருந்தார்கள். ஏழாம் நோயாளியைப் பற்றித்தான் எல்லோரும் எழுதிக் கேட்கிறார்களாம்.

ஏழாம் நோயாளி, கொழும்பு வெள்ளவத்தையில் வாடகைக்கு இருந்த முத்துலிங்கம். கேட்பதெல்லாம் விளங்கும், வாய் திறந்தால் சொல் வராது. யுத்தம் நடந்த அந்நாட்களில் சோதனைச் சாவடியில் பெயர் கேட்கும்போது பேசாமல் நிற்கும் தமிழனின் கதி எவருக்கும் தெரியும். அதனால் அவர் மனைவி அருள்நாயகி, இவரால் பேச முடியாது என்று டொக்டர் எழுதித் தரும் ஒரு கடிதத்துக்காக நான்கு மாதம் நடந்தாள். கடைசியில் டொக்டர் எழுதியது ஒரு பக்கம் ஆங்கிலம்: கட்டுரையின் தலைப்பு, இணைய முகவரி, வாசித்தோர் தொகை. சிங்களத்தில் இல்லையே என்று கிளெமென்றுக்கு உறுத்தியது. ஆனால் டொக்டரின் எழுத்தில் கைவைப்பதா என்று பேசாமல் கொண்டுபோய்க் கொடுத்தார்.

திங்கள் பின்னேரம் வெள்ளவத்தைக் காலி வீதிச் சாவடியில் நின்ற சிங்களச் சிப்பாய்க்கு ஆங்கிலம் தெரியவில்லை. முத்துலிங்கத்தைப் பொலிஸுக்கு ஏற்றிவிட்டார்கள்.

மறுநாள் காலை அருள்நாயகி வந்து சொன்னதும், கிளெமென்ற் மருத்துவமனைத் தாளில் தன் கையாலேயே சிங்களத்தில் ஆறு வரி எழுதி, கேக்குக்குப் பக்கத்தில் வைத்தார். பத்திரிகைக்காரர் ஒருவர் போனில் வரப்போகிறார், பிறகு பார்ப்போம் என்றார் டொக்டர். பிறகு தாளைப் பார்த்து முகத்தைச் சுளித்தார்.

"எனக்கு வாசிக்கத் தெரியாததில நான் எப்படிக் கையெழுத்து வைக்கிறது, கிளெமென்ற்? நீர் என்ன எழுதினீரோ."

"பதினாலாயிரம் பேர் வாசிச்சது காணும், டொக்டர்." கிளெமென்றின் குரல் நடைபாதைவரை கேட்டது. "வாசிக்க வேண்டிய ஒருத்தன் துவக்கோட நிக்கிறான். அவனுக்குத்தான் எழுதினனான். வையுங்கோ. இல்லாட்டி இண்டையில இருந்து மெசினுக்கு வேற ஆளைத் தேடுங்கோ."

டொக்டர் வைத்தார். முத்திரையைக் கிளெமென்றே குத்தினார், மேசை அதிர்ந்தது.

பொலிஸ் நிலையத்துப் பொறுப்பதிகாரி அந்த ஆறு வரியை அரை நிமிடத்தில் வாசித்து, ஆளை வெளியே விடச் சொன்னார். முத்துலிங்கத்தின் இடக்கன்னம் வீங்கியிருந்தது.

"இதை ஏன் முதலே எழுதவில்லை?" என்று அதிகாரி சிங்களத்தில் கேட்டார். காலையில் டொக்டரிடம் அத்தனை உரத்துப் பேசிய கிளெமென்ற், தாளைத் திருப்பி வாங்கி மடித்து, அந்த வீங்கிய கன்னத்தைப் பாராமல் முத்துலிங்கத்தின் சட்டைப்பையில் வைத்தார்.