படத்தில் குறை தெரியவேண்டும் என்று கேட்டேன்

வவுனியாவில் எடுத்த மூளை ஸ்கேனில் குறை ஒன்றும் இல்லை என்று வந்ததற்காக எங்கள் வீட்டார் நன்றிப் பூசை ஒப்புக்கொடுத்தார்கள். முல்லைத்தீவுக் கரையிலுள்ள எங்கள் கோயிலில், தவக்காலம் தொடங்க முந்திய ஞாயிறு. நற்கருணை வாங்கித் திரும்பினேன். கால் தடுக்கவில்லை. தலை சுற்றவில்லை. நின்ற நிலையில் பின்பக்கமாக விழுந்தேன். பிடரி சிமெந்தில் அடித்தது.

தூக்கிவிட்ட ஒருவர் சொன்னது காதில் விழுந்தது: "காலைமையே ஊத்திப்போட்டார் போல."

போர் முடிந்து முகாமில் இருந்த காலத்தில் குடித்தேன். மகள் பிறந்தபின் தொட்டதில்லை.

பத்திரிகைக்குப் பகுதிநேரமாகச் செய்தி அனுப்பிவந்தவன் நான். என் விழுகைகளையும் கவனித்தே வந்தேன். எப்போதும் பின்பக்கம்தான். பேச்சுக் குழறியது. இறங்கும்போது படி தெரிவதில்லை. முன்னால் இருக்கும் சோற்றைக் கையால் தடவித் தேடுவேன்.

ஸ்கேன் சுத்தமாக வந்தது என்னை விடுவிக்கவில்லை. நோய் வருத்தம் இல்லையென்றால் குடி என்று ஊர் முடிவுசெய்தது. நான் வெளியே போய் வந்தால் என் மனைவி றெஜினா என் முகத்துக்குக் கிட்ட வந்து நிற்பாள். மூச்சை உள்ளே இழுத்துப் பார்ப்பாள். பிறகு குசினிக்குள் போய்விடுவாள். அதற்குப் பதில் என்னை அடித்திருக்கலாம்.

அவளுடைய தம்பி யூட், குடி மறக்கவைக்கும் இல்லமொன்றில் எனக்கு இடம் பார்த்துவிட்டான்.

"மூண்டு மாசம்தான் அத்தான். பூட்டித்தான் வைப்பினம். வெளியாலை வரேக்கை ஆளே மாறியிருப்பியள்."

"நான் குடிக்கேல்லையடா."

"அங்கை இருக்கிற எல்லாரும் இதைத்தான் சொல்லுகினம்."

யாழ்ப்பாணத்தில் ஒரு நரம்பு வைத்தியரிடம் காட்டும்வரை தவணை கேட்டேன். உயிர்த்த ஞாயிறு முடியும்வரை தந்தார்கள்.

அந்த வைத்தியர் கதிரையில் என்னை இருத்தி, "ஐயா, தலையை அசைக்காமல் கண்ணாலை மட்டும் நிலத்தைப் பாருங்கோ" என்றார். முடியவில்லை. கண் கீழே இறங்க மறுத்தது. முன்பு எடுத்த சி.ரி. ஸ்கேனில் தெரியாத சில விஷயங்கள் எம்.ஆர்.ஐ. படத்தில் தெரியலாம் என்று எழுதித் தந்தார்.

செபக்குழுவினர் வீட்டுக்கு வந்தார்கள். இந்தப் படமும் சுத்தமாக வரவேண்டும் என்று மன்றாடினார்கள். எல்லோரும் ஆமென் சொன்னார்கள். நான் சொல்லவில்லை.

தோடு தொலைந்தாலும் தோணி தொலைந்தாலும் எங்கள் ஆட்கள் அந்தோனியாரிடம்தான் போவார்கள். நானும் போனேன். 'என்னைத் தின்கிற வருத்தம் ஒருவர் கண்ணிலும் படவில்லை. அதைத் தேடித் தாரும்' என்று கேட்டேன். றெஜினா பின்னால் நின்றிருக்கிறாள்.

"என்ன கேட்டனியள்?"

"படத்திலை ஏதாவது இருக்கவேணும் எண்டு."

"உங்களுக்கு விசரோ?"

"விசரெண்டு வந்தாலும் எனக்குப் போதும்."

ஸ்கேன் அறையில், "உடம்பிலை இரும்பு ஏதும் இருக்கோ?" என்று கேட்டார்கள். எங்கள் பக்கத்தில் அந்தக் கேள்விக்குச் சட்டென்று இல்லை என்று சொல்லமுடியாது. என் தோளில் ஷெல் துண்டு இருக்கிறது. உள்ளே விடாமல் எக்ஸ்றே எடுக்க அனுப்பினார்கள். திருப்பி அனுப்பினால் அடுத்தது பூட்டிய கதவுதான். ஸ்கேன் அறைக்கு வெளியே ஓடையில் உட்கார்ந்து அதே மன்றாட்டைத் திரும்பத் திரும்பச் சொன்னேன். துண்டு தசைக்குள், ஆபத்தில்லாத இடத்தில் இருக்கிறது என்று பெரிய டொக்டர் அனுமதித்தார். உள்ளே போனேன்.

வைத்தியர் படத்தைத் திருப்பி றெஜினாவுக்குக் காட்டினார். பக்கவாட்டில் பார்த்தால் நடுமூளை சுருங்கி, நீண்ட சொண்டுள்ள சின்னக் குருவியின் தலைபோல இருந்தது.

"இந்தச் சொண்டு தெரியுதோ அம்மா? இவரின்ரை கண்ணும் விழுகையும் இந்தப் படமும் ஒரே கதையைத்தான் சொல்லுது. பார்க்கின்சன் மாதிரி, ஆனா அதில்லை. இது குடியாலை வாறதுமில்லை."

"மருந்து?"

"சுகப்படுத்திற மருந்து இல்லையம்மா. போகப்போகக் கூடிக்கொண்டு போகும். விழாமப் பாருங்கோ. விழுங்கிறதையும் பாருங்கோ."

பரந்தனில் பஸ் மாறியபோது றெஜினா என் கையைப் பிடித்தாள். வீடுவரை விடவில்லை. விஷயத்தைக் கேட்ட யூட் வாசல்படியில் ஏறி இறங்கிப் பார்த்தான். பிறகு, "அத்தான், வாசல்படிக்கு ஒரு கைபிடி அடிச்சுத் தாறன்" என்றான். அடித்தும் தந்தான்.

சகோதரங்களே, நான் குணமாகவில்லை. ஆகமாட்டேன் என்பதும் தெரியும். சில பின்னேரங்களில் செபமாலையைக் கையில் வைத்தபடி ஒரு சொல்லும் வராமல் இருக்கிறேன். ஆனாலும் கேட்டதைத் தந்தவருக்கு நன்றி சொல்லாமல் இருக்கமுடியாது. உங்கள் வீட்டிலும் பெயர் தெரியாத துன்பம் இருந்தால், அது இல்லையென்று ஆகவேண்டும் என மட்டும் கேட்காதீர்கள். அது வெளிச்சத்துக்கு வரவேண்டும் என்றும் கேளுங்கள். அவர் கேட்கிறார்.

றெஜினா இப்போதும் என் முகத்துக்குக் கிட்ட வருகிறாள். கண்ணை இறக்கிச் சோற்றுக் கோப்பையைப் பார்க்க என்னால் முடியாது என்பதால், கரண்டியை என் கண்மட்டத்துக்கு உயர்த்திப் பிடிக்கிறாள். நான் விழுங்கி முடியும்வரை அவள் மூச்சு விடுவதில்லை.